யார் சொன்னா?

போன்ல யாரு அண்ணாச்சி, பொண்ணா? நெனச்சேன். "சாப்பிட்டியா, என்ன கறி வச்சே"ன்னு கேட்டீங்க பாருங்க, அதுலயே தெரிஞ்சு போச்சு. ஒட்டுக் கேட்டேன்னு நெனைக்காதீங்க. பக்கத்து சீட்டுல உக்காந்துகிட்டு காதைப் பொத்திக்கிட்டா வர முடியும்? நீங்களும் மெதுவாப் பேசலை.

ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக்கூடாது. அது ஒரு கேள்வியா அண்ணாச்சி? என்ன கறின்னு தெரிஞ்சு நீங்க என்ன செய்யப் போறீங்க? அவ கோயம்புத்தூர்ல இருக்கா. நீங்க ராஜபாளையத்துல இருந்து திருநெல்வேலிக்குப் போற பஸ்ல இருக்கீங்க. புளிக்குழம்புன்னு சொல்லுதா. சரி, புளிக்குழம்பு. அதோட விட்டீங்களா? தொட்டுக்க வெண்டைக்காயா கத்திரிக்காயான்னு வேற கேட்டீங்க. இதை வச்சு ஒரு முடிவுக்கு வர முடியுமா? நான் காலேஜ்ல ஆராய்ச்சி முறையியல் நடத்தினவன். ரிட்டயர் ஆகுற வரைக்கும் அது ஒண்ணுதான் என் பாடம். கேள்வின்னா அதுக்கு ஒரு நோக்கம் இருக்கணும். நோக்கம் இல்லாத கேள்வியைப் பையனுக எழுதிக்கிட்டு வந்தா சிவப்பு மையில அடிச்சுருவேன்.

ஆனா ஒரு விஷயத்துல உங்களைப் பாராட்டணும். நேரடியாக் கேட்டீங்க. அவ வாயால கேட்டீங்க. அதுக்குப் பேருதான் முதல்நிலைத் தரவு. பிரைமரி டேட்டா. புரியலையா? நீங்க என்ன வியாபாரம்? மிளகா வத்தல் மண்டியா? அப்ப சுலபம். வத்தலை நீங்களே கையில எடுத்து, காம்பைக் கிள்ளி, உடைச்சு விதையைப் பாக்கீங்க, மோந்து பாக்கீங்க. அது முதல்நிலை. புரோக்கர் போன் போட்டு, "அண்ணாச்சி, சரக்கு அருமையா இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்"ங்கான். அது இரண்டாம்நிலை. அடுத்தவன் பாத்து, அடுத்தவன் எடுத்து, அடுத்தவன் சொன்னது. பொய்யின்னு சொல்ல மாட்டேன். ஆனா அவன் எதுக்குச் சொல்லுதான், எதைச் சொல்லாம விடுதான், அது நமக்குத் தெரியாதுல்ல? அதான் விஷயம். ஒரு செமஸ்டர் பாடத்தை ஒரு வத்தல்ல சொல்லிட்டேன் பாருங்க.

காலேஜ்ல எனக்குப் பட்டப்பேரே "யார் சொன்னா"தான். எவன் எதைச் சொன்னாலும் நான் கேக்குற முதல் கேள்வி அதுதான். "சார், மெஸ்ஸுல சாப்பாடு சரியில்லை." யார் சொன்னா? "சார், பிரின்சிபால் உங்களைக் கூப்பிடுதாரு." யார் சொன்னா? பையனுக பின்னால சிரிப்பானுக. சிரிக்கட்டும்.

வேலாயுதம்னு ஒரு பையன். பீடி சுத்துற பொம்பளைகளைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினான். அருமையா எழுதியிருந்தான், கண்ணுல தண்ணி வரும். எனக்கு என்னவோ இடிச்சுது. எல்லாப் பொம்பளையும் ஒரே மாதிரி பதில் சொல்லியிருக்கா. "உடம்புக்கு ஒண்ணும் இல்லை. வீட்ல ஒரு குறையும் இல்லை." உக்கார வச்சுக் கேட்டேன். வீட்டுக்குப் போனியா? போனேன் சார். அந்தம்மா இருந்தாளா? இருந்தாங்க சார். பதில் யார் சொன்னா? வீட்டுக்காரன் சொல்லியிருக்கான் அண்ணாச்சி! அவ உள்ள உக்காந்து தட்டை மடியில வச்சுக்கிட்டு பீடி சுத்திக்கிட்டு இருக்கா. இவன் வாசல்ல நின்னு கேக்கான். அவன், "அவ நல்லாத்தான் இருக்கா, எழுதிக்கோங்க தம்பி"ங்கான். இவனும் எழுதிட்டான். முதல்நிலைத் தரவுன்னு அட்டையில போட்டிருக்கான். நான் விடலை. திரும்பப் போ, அவளையே கேளுன்னு அனுப்பினேன். ஒரு வருஷம் தள்ளிப் போச்சு அவனுக்கு. இன்னைக்கும் என்னைக் கண்டா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருவான்.

அந்த விஷயத்துல நான் அவ்வளவு கறார்.

எனக்கா? எனக்கும் ஒரு பொண்ணுதான். எழிலரசி. ராஜபாளையத்துலதான் இருக்கா. ஒரு தர்ம ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற வேலை. அவளைப் பாத்துட்டுத்தான் வாரேன். பாத்துட்டுன்னா... பாத்தேன். அதைச் சொல்லுதேன், இருங்க.

எங்க வீட்ல ஒரு முறை உண்டு. எங்க வீடுன்னு இல்லை, உங்க வீட்லயும் உங்கப்பா காலத்துல அப்படித்தான் இருந்திருக்கும். பிள்ளைக அப்பாகிட்ட நேரா வந்து பேச மாட்டாக. அம்மா வழியாத்தான் எல்லாம். நான் சேர்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பேன். எழில் அடுப்படி நிலையில நிப்பா, என்னைப் பாத்தாப்லதான். "அம்மா, டூருக்குப் பேர் குடுக்கணும், அப்பாகிட்ட கேளு"ம்பா. எனக்குக் கேக்கும். கேட்டாலும் கேக்காத மாதிரி இருப்பேன். காந்திமதி, எங்க வீட்டம்மா, கையைத் துடைச்சுக்கிட்டு வந்து, "ஏங்க, அவ டூர் போகணுங்கா"ம்பா. "போகச் சொல்லு"ம்பேன். அவ உள்ள போய், "அப்பா போகச் சொல்லிட்டாங்கட்டி"ம்பா. அவ்வளவுதான். சத்தம் இல்லை, வாக்குவாதம் இல்லை. எழில் பி.ஃபார்ம் படிச்சதும் அப்படித்தான் முடிவாச்சு. கல்யாணமும் அப்படித்தான். "பையனைப் பிடிச்சிருக்கான்னு கேளு"ன்னேன். கேட்டுட்டு வந்து, "பிடிச்சிருக்காம்"னா காந்திமதி. "யார் சொன்னா?" "அவதாங்க. வேற யார் சொல்லுவா?"

கல்யாணத்துக்கு அப்புறம் போன். நான் எடுத்தா, "இரு, அம்மாகிட்ட குடுக்கேன்." அதுக்கு மேல ஒரு வார்த்தை வீணாக்கினது கிடையாது. பேசி முடிச்சு காந்திமதி எனக்குச் சோறு போடும்போது சொல்லுவா. "எழில் பேசினா. நல்லா இருக்கா." மாப்பிள்ளை? "அவரும் நல்லா இருக்காராம். அப்பளம் பொரிக்கட்டுமா?" நானும் விட மாட்டேன், அவளே சொன்னாளான்னு கேப்பேன். "அவளேதான் சொன்னா." சரி. ஆதாரம் சரியா இருக்கு. நிம்மதியாச் சாப்பிடுவேன்.

காந்திமதிக்குக் கடைசி ரெண்டு மூணு வருஷமா பக்தி ஜாஸ்தியாயிருச்சு. மாசம் ஒருக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் போவா. ஆண்டாளைச் சேவிக்கணும்பா. காலையில போனா பொழுதடையத்தான் வருவா. வரும்போது பால்கோவா வாங்கிட்டு வருவா. பால்கோவா வந்தா ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருக்கான்னுதானே அர்த்தம்? நான் வேற எதுவும் கேட்டது இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் எவ்வளவு தூரம்னு உங்களுக்குத் தெரியும். பக்கம்தான்.

அவ போன தை மாசம் தவறிட்டா. இல்லை, ஒண்ணும் படுத்துக் கிடக்கலை. துணி காயப்போட மாடிக்குப் போனா, இறங்கி வந்தா, நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னா. அவ்வளவுதான். எனக்கு அவ சொன்ன கடைசி வார்த்தையே அதுதான். ஒரு மாதிரி இருக்குன்னா என்ன மாதிரின்னு கேட்டேன். நான் கேட்டேன். பதில் வரலை.

பதினாறாம் நாள் முடிஞ்சு எல்லாரும் கிளம்பிட்டாங்க. எழில் மட்டும் பையை எடுத்துக்கிட்டு போட்டோ முன்னால நிக்கா. மாப்பிள்ளை வேலைன்னு எடுத்த அன்னைக்கே வந்துட்டுப் போயிட்டாருன்னு சொன்னாங்க. நான் சேர்ல இருக்கேன். போட்டோவைப் பாத்து எழில் சொல்லுதா, "அம்மா, அப்பாவை மாத்திரையை ஒழுங்காப் போடச் சொல்லு." எனக்கும் வேற என்ன செய்யன்னு தெரியலை. நானும் போட்டோவைப் பாத்து, "பாத்துப் போகச் சொல்லு"ன்னேன். போயிட்டா. மத்தவங்க பாத்தா சிரிப்பாங்க. எங்களுக்கு அது சரியாத்தான் இருந்துச்சு.

அதுக்கு அப்புறம்தான் கஷ்டம். ஞாயித்துக்கிழமை போன் போடுவா. "நல்லா இருக்கீங்களா?" "இருக்கேன்." "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." அப்புறம் ஒண்ணும் இருக்காது. அந்தப் பக்கம் மூச்சு விடுறது கேக்கும். இந்தப் பக்கம் நான் நிக்கேன். ஒருநாள் பழக்கத்துல வாய் தவறி, "இரு, அம்மாகிட்ட குடுக்கேன்"னு சொல்லிட்டேன். சொல்லிட்டு அடுப்படிப் பக்கம் வேற திரும்பிட்டேன். அந்தப் பக்கம் போனை வச்சுட்டா. அதுல இருந்து ஞாயித்துக்கிழமை போனும் விட்டு விட்டுத்தான் வருது. என் தப்பா அண்ணாச்சி இது? வாய் தவறினது ஒரு தப்பா?

தனியா இருக்கு அண்ணாச்சி. மறைக்க என்ன இருக்கு, ரொம்பத் தனியா இருக்கு. போன வாரம் சிலிண்டர்காரன் வந்து "சார்"னான். வாயைத் திறக்கேன், குரலே வரலை. ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசலைங்கிறது அப்பத்தான் தெரிஞ்சுது. அவன் என்ன சார் உடம்பு சரியில்லையான்னான். தொண்டைக்கட்டுன்னு சொன்னேன்.

இந்த நிலைமையில என் சகலை, காந்திமதி தங்கச்சி வீட்டுக்காரர், வேற எதுக்கோ போன் பண்ணினவரு சொல்லுதாரு, "அண்ணே, எழில் அங்க தனியாத்தானே கிடக்கா, உங்ககூட கூட்டியாந்து வச்சுக்கலாமே." எனக்கு ஒண்ணும் புரியலை. தனியாவா? மாப்பிள்ளை எங்க? அவரு இழுக்காரு. "ரெண்டு வருஷமாச்சே அண்ணே அது பிரிஞ்சு. உங்களுக்குத் தெரியாதா?" யார் சொன்னான்னு கேட்டேன். "மதினிதான் சொன்னாங்க."

மதினின்னா காந்திமதி.

இப்ப நீங்களே சொல்லுங்க. ஊருக்கெல்லாம் சரியான தகவல். எனக்கு மட்டும், நல்லா இருக்கா, அப்பளம் பொரிக்கட்டுமா. நான் நம்பின ஒரே ஆதாரம் அண்ணாச்சி அவ. எனக்கு அவமேல அவ்வளவு கோவம். செத்தவமேல கோவப்படக்கூடாதும்பாங்க. நான் படுதேன். தினமும் போட்டோ முன்னால நின்னு கேக்கேன், ஏன் மறைச்சே, நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுருவேன்? எத்தனை யோசிச்சும் காரணம் பிடிபடலை. ஒருதடவை எங்க அக்கா மக வாழாம வீட்டுக்குத் திரும்பி வந்தப்ப நான் சாப்பாட்டுல உக்காந்து ஒரு வார்த்தை சொன்னேன். "அனுசரிச்சுப் போகத் தெரியாதவளுக்குக் கல்யாணம் எதுக்கு, பெத்தவன் தலையைக் குனிய வைக்கவா"ன்னு. பொதுவாச் சொன்னதுதான். எழில் அன்னைக்கு ஊருக்கு வந்திருந்தா. அவளும் காந்திமதியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாக. ரசம் அன்னைக்கு நல்லா இருந்துச்சு, ஞாபகம் இருக்கு. அதை விடுங்க, அது வேற விஷயம்.

சரி, இனிமே அடுத்தவங்க சொல்லி நம்புறதில்லை, நானே நேர்ல போய்த் தகவல் எடுக்கேன்னு கிளம்பிட்டேன். அடிக்கடி வாரேன் இப்ப. ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்ல ஒரு டீக்கடை இருக்கு, அதுல உக்காருவேன். அவளுக்குத் தெரியாது. ஆய்வாளன் தன்னைக் காட்டிக்கக்கூடாது, காட்டினா எதிராளி நடத்தை மாறிரும். டீ மாஸ்டர்கிட்ட மெதுவாப் பேச்சுக் குடுத்தேன். "மருந்து குடுக்குற அம்மாவா? நல்ல மாதிரி சார். வாரது போறது தெரியாது." சைக்கிள் ஸ்டாண்டுல ஒரு அம்மா இருக்கா, அவகிட்டயும் விசாரிச்சேன். "பாவம், ஒத்தையில இருக்கா. முன்னால அவங்க அம்மா மாசாமாசம் வருவாங்க. ரெண்டு பேரும் அந்த வேப்பமரத்தடியில உக்காந்து சாப்பிடுவாங்க, ஒரே சிரிப்பாணியா இருக்கும். இப்ப அம்மா வாரதில்லை"ன்னா. அப்பா இல்லையான்னு கேட்டேன். "தெரியலையே, அவரைப் பத்தி ஒருநாளும் பேசினதில்லையே"ன்னா.

என்ன சிரிக்கீங்க? இதுவும் அடுத்தவங்க சொன்னதுதானேங்கீங்களா? இருங்க, அதுக்குத்தான் வாரேன். கண்ணாலயும் பாத்தேன்ல. அவ கண்ணாடி போட்டிருக்கா அண்ணாச்சி. தடிமனான கண்ணாடி. எனக்குத் தெரியாது. காரியத்துக்கு வந்தப்ப போட்டிருந்தாளான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், ஞாபகம் வரலை. முன்நெத்தியில நரை. மத்தியானம் அந்த வேப்பமரத்தடியில அவ மட்டும் வந்து உக்காருதா. டிபன் பாக்ஸைத் திறக்கா. கொஞ்ச நேரம் பாத்துட்டு மூடிருதா. நான் பாத்த அன்னைக்கெல்லாம் அப்படித்தான். ஏன் சாப்பிட மாட்டேங்கான்னு தெரியலை. டீ மாஸ்டருக்கும் தெரியலை.

இன்னைக்கு ஒரு முடிவோட வந்தேன். உள்ள போய் ஓ.பி. சீட்டு வாங்கினேன். பேர் கேட்டாங்க. வேலாயுதம்னு சொன்னேன். எந்தப் பேரும் வாயில வரலை, அந்தப் பையன் பேருதான் வந்துச்சு. டாக்டர் பிரஷர் பாத்தாரு, கூடத்தான் இருக்குன்னாரு, மாத்திரை எழுதினாரு. கியூவுல நின்னேன். மருந்து ஜன்னல் இருக்கே, ரயில்வே டிக்கெட் ஜன்னல் மாதிரி சின்ன ஓட்டை. மேல கண்ணாடி முழுக்கப் பெயின்ட். உள்ள இருக்குறவங்க கை மட்டும்தான் தெரியும். என் முறை வந்துச்சு. கை நீளுது. காந்திமதி வாட்ச் கட்டியிருக்கா.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்டப்புறம் போடணும். புரியுதா?"

என்னைத்தான் கேட்டா அண்ணாச்சி. நடுவுல யாரும் இல்லை. புரியுதுன்னேன். ஒரே ஒரு வார்த்தை. அந்தக் கை மாத்திரைக் கவரைக் குடுக்கப் போனது அப்படியே நின்னுச்சு. பின்னால நின்னவன், பெரியவரே நகருங்கன்னான். அப்புறம் கவர் கைக்கு வந்துச்சு. "மாத்திரையை ஒழுங்காப் போடுங்க"ன்னா. எல்லாருக்கும் சொல்லுறதுதான். வேலாயுதத்துக்குச் சொன்னா. நான் வந்து பஸ் ஏறிட்டேன்.

கூப்பிட்டிருக்கலாமேங்கீங்க. என்னன்னு கூப்பிட? என்ன கேக்க? கியூவுல அத்தனை பேர் நிக்கான். அதெல்லாம் முறையில்லை.

அட, என் போனு. கண்ணாடி பையில இருக்கு, எழுத்துத் தெரியலை. யாருன்னு பாத்துச் சொல்லுங்களேன். எழிலா? நல்லாப் பாருங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே.

அண்ணாச்சி, ஒரு உதவி. பஸ் இரைச்சல்ல எனக்கு ஒண்ணும் கேக்காது. நீங்க பேசுங்க. பேசி, என்ன சொல்லுதான்னு கேட்டு எனக்குச் சொல்லுங்க, போதும். நீங்க நல்லாப் பேசுதீங்க. எடுங்க, நின்னுரப் போகுது. அந்தப் பச்சையைத் தள்ளுங்க.

பேசுதாளா? யாருன்னு கேக்காளா? பக்கத்து சீட்டுக்காரர்னு சொல்லுங்க. அப்பா நல்லா இருக்காருன்னு சொல்லுங்க. என்ன சொல்லுதா?

ஆஸ்பத்திரிக்கு வந்தது அப்பாவான்னா? இல்லைன்னு சொல்லுங்க. நான் வேற பேருல்ல குடுத்தேன். இல்லை, வேண்டாம், சொல்லாதீங்க. என்னது? அழுதாளா? யார் சொன்னா? இந்த இரைச்சல்ல உங்களுக்கு எப்படித் தெரியும் அவ அழுதான்னு?

அப்பாகிட்ட குடுங்கங்காளா?

அவளேவா சொன்னா? அந்த வார்த்தையையேவா சொன்னா?

இருங்க, குடுக்காதீங்க. ஒரு நிமிஷம் இருங்க. நான் கேள்வி ஒண்ணும் தயார் பண்ணலை அண்ணாச்சி. எடுத்த உடனே என்ன கேக்கணும்? நீங்க உங்க பொண்ணுகிட்ட முதல்ல என்ன கேட்டீங்க?

சரி. குடுங்க.

எழிலு. சாப்பிட்டியாட்டி? என்ன கறி வச்சே?

வைக்கலையா? ஏன் வைக்கலை?

சொல்லு. அம்மா கேக்கச் சொல்லலை. நான்தான் கேக்கேன்.